கதைகள் கொன்ற தாய்மார்

சென்ற ஆண்டு எமது சங்கம் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை இலக்கமிட்டு நடுவர்களுக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. எனினும் இலக்கமிடுபவள் வாசியாதிருப்பது எங்ஙனம்? வாசித்தேன். ஐந்து கதைகளில் நாயகனோ நாயகியோ அநாதை. ஐவரும் நல்லவர்கள், ஐவரும் அழகாக அழுதார்கள். இருவருக்கு இறுதிப் பக்கத்தில் செல்வந்தத் தந்தை கிடைத்தார். ஒருவன் மழையில் நனைந்து இறந்தான். ஒருத்தியை வைத்தியர் ஒருவர் மணந்துகொண்டார். எஞ்சியவன் தான் வளர்ந்த இல்லத்துக்குக் காரில் வந்திறங்கிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கினான். அந்த இல்லத்தில் காலையில் எத்தனை பேருக்கு ஒரு கிணறு, காய்ச்சல் வந்தால் இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் யார், பாடசாலையின் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனார் என்பவை ஐந்து கதைகளிலும் இல்லை.

இதனை நண்பர் ஒருவரிடம் கூறியபோது, "கதைதானே, வாசிப்பவர் மனத்தில் இரக்கத்தையாவது வளர்க்கிறதல்லவா?" என்றார். அந்த இரக்கத்தைப் பற்றியே இக்கட்டுரை. அது தீங்கற்றது என்று நான் கருதவில்லை.

இவ்வாய்பாட்டை எமது மாணவர் தாமாகக் கண்டுபிடித்தனர் என நான் பழி சுமத்தமாட்டேன். அது அவர்களுக்கு முதுசமாக வந்தது. 1960இல் ஏவிஎம் நிறுவனம் தயாரித்து, ஏ. பீம்சிங் இயக்கிய 'களத்தூர் கண்ணம்மா' என்னும் படத்தை எமது மூத்தம்மாமார் இன்றும் நினைவு கூர்வர். சமீன்தாரின் மகனும் குடியானவனின் மகளும் இரகசியமாக மணக்கின்றனர். பிறந்த குழந்தை இறந்துவிட்டதென்று தாயிடம் பொய் கூறப்படுகிறது. குழந்தையோ அநாதை விடுதியில் வளர்கிறது. சிறுவன் கமல்ஹாசன் அப்பாத்திரத்தில் நடித்துக் குடியரசுத் தலைவரின் பதக்கம் பெற்றார். பல திருப்பங்களின் பின் தாயும் தந்தையும் கிடைத்துவிடுகின்றனர். பார்த்தவர் நிம்மதியுடன் வீடு திரும்பினர். விடுதி அங்கேயே இருக்கிறது. அதிலுள்ள மற்றைய பிள்ளைகளும் அங்கேயே இருக்கின்றனர். அவர்களுக்குச் சமீன்தார்த் தந்தை இல்லையாதலால் கதையும் இல்லை.

முப்பத்தொரு ஆண்டுகளின் பின் 1991இல் 'தளபதி' வந்தது. மணமாகாத இளம்பெண் பெற்ற குழந்தையைச் சரக்கு இரயிலில் விட்டுவிடுகிறாள். சேரி அவனை வளர்க்கிறது. அவனுடைய தம்பியோ மாவட்ட ஆட்சியர். பாரதக் கர்ணனின் கதைதான் என்பது எவருக்கும் தெரியும். படம் வேறு பல வகைகளில் சிறந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அங்கும், வளர்த்த சேரியிலும் பார்க்கப் பெற்ற வயிறே கதையின் மையம். இது தமிழருக்கு மட்டும் உரிய நோயுமன்று. 1837 தொடக்கம் 1839 வரை தொடராக வெளிவந்த டிக்கன்ஸின் 'ஒலிவர் ட்விஸ்ட்' ஏழைகள் விடுதிகளின் கொடுமையை ஆங்கில வாசகரின் முகத்திலடித்தாற்போல் காட்டியது. அந்தப் புகழ் அதற்குரியது. ஆனால் விடுதியில் பிறந்து, கள்வரிடையே திரிந்த ஒலிவர் ஆதியிலிருந்தே கனவான் வீட்டுப் பிள்ளையின் மொழியிற் பேசுகிறான். ஏனெனில் அவன் கனவானின் மகன். ஈற்றில் சொத்தும் அவனைத் தேடி வருகிறது. கள்வர் கூட்டத்தில் அவனுடன் இருந்த ஏனைய சிறுவர் கொச்சை பேசுகின்றனர். அவர்களைத் தேடி எவரும் வருவதில்லை.

பிறப்பின் இரகசியம் என்னும் இவ்வுத்தி என்ன கூறுகிறது? குழந்தை நல்லவனாயிருப்பதற்குக் காரணம் அவனது குருதி என்கிறது. விடுதி அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் இயலாது என்கிறது. ஏழைப் பிள்ளையை ஏழைப் பிள்ளையாகவே நேசிக்க முடியாத வாசகனுக்கு, "அஞ்சாதே, இவன் உன் வகுப்பைச் சேர்ந்தவன்தான், சிறிது காலம் தொலைந்து போயிருந்தான், அவ்வளவே" என்று ஆறுதல் கூறுகிறது. நிலவுடைமைச் சமுதாயத்தின் குலப்பெருமை கண்ணீர் வடித்துக்கொண்டு திரையேறுவது இவ்வாறுதான். இதற்கு மறுதலையான இன்னொரு வாய்பாடும் உண்டு. 2003இல் வெளிவந்த 'பிதாமகன்' போன்ற படங்களில் பெற்றோரற்றவன் மனிதர் பழக்கமே அறியாத, சுடுகாட்டில் வளர்ந்த முரடன். ஒன்றில் தெய்வக் குழந்தை, இல்லையேல் காட்டு விலங்கு. கணிதபாடத்தில் நாற்பத்திரண்டு புள்ளி எடுத்து, சக மாணவியோடு சண்டையிட்டு, பெருநாளுக்குப் பச்சை வளையல் வேண்டுமென்று அடம்பிடிக்கும் சாதாரணப் பிள்ளையாக இருக்க அவனுக்கோ அவளுக்கோ அனுமதியில்லை.

அப்படி ஒருத்தியை நான் அறிவேன்.

மூதூரில் ஐந்தாம் வகுப்பு வரை அவள் என் பக்கத்து வாங்கில் இருந்தவள். பெயர் வேண்டாம். வாப்பா வேறு மணம் செய்துகொண்டு போய்விட்டார். உம்மா குவைத்துக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். மூத்தம்மாவுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டு வந்தது. வெளிமாவட்டம் ஒன்றிலிருந்த சிறுவர் இல்லத்தில் அவளைச் சேர்த்தனர். விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவாள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பெருநாள் விடுமுறையில், கொட்டியாரக் குடாக் கரையில் இருந்துகொண்டு அவள் எனக்குக் கூறியதை இன்றுவரை நான் எவருக்கும் கூறியதில்லை. இப்போது அவளுடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். இல்லத்துக்கு விருந்தினர் வருவார்களாம்: பிறந்தநாள் கொண்டாட, நினைவுநாளுக்குச் சாப்பாடு கொடுக்க, படம் எடுக்க. வருபவர்கள் பிள்ளைகளின் தலையைத் தடவி ஒரே கேள்வியைக் கேட்பார்களாம்: "உம்மா எப்ப மௌத்தானவ?" முதன்முறை இவள், உம்மா குவைத்தில் இருப்பதாக உண்மையைக் கூறினாள். கேட்ட பெண்ணின் கை தலையிலிருந்து விலகியது. முகத்தில் ஏமாற்றம். பக்கத்திலிருந்த பிள்ளையிடம் அவர் போய்விட்டார். இரண்டாம் முறையும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் முறை, "நான் சின்னப்பிள்ளையா இரிக்கக்குள்ள" என்றாள். அந்தக் கை விலகவில்லை. அதன்பின் எத்தனையோ தடவை அவள் தன் உம்மாவைச் சாகடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் அதே உம்மா தொலைபேசியில் அழைப்பார்.

அந்தப் பெண்மணி கொடியவரல்லர். அவர் படித்த கதைகளும் பார்த்த படங்களும் அநாதை என்றால் யாரென அவருக்குக் கற்பித்திருந்தன. அந்த வரைவுக்குப் பொருந்தாத பிள்ளை அவருக்கு ஏமாற்றுக்காரியாகத் தோன்றியது. கதை எழுதுபவர் காகிதத்தில் ஒரு தாயைக் கொல்வது எளிது. அதே கொலையை ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் செய்ய நேர்ந்தது என்பதே என் முறைப்பாடு.

இது தனியொருத்தியின் கதையென ஒதுக்கிவிடலாகாது. இந்நாட்டின் சிறுவர் இல்லங்களைப் பற்றி 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் செய்யப்பட்ட ஆய்வுகள், அங்கு வாழ்ந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையினருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருந்ததைக் காட்டின. அவர்கள் இல்லம் புகுந்ததற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று வறுமை. அதாவது, இல்லத்திலுள்ள பிள்ளை பெரும்பாலும் கதைகள் கூறும் அநாதையன்று. பஸ் கட்டணமில்லாத தாயின், வேலையில்லாத தந்தையின், கடல்கடந்த உழைப்பாளியின் பிள்ளை. இறந்த தாயை வைத்துக் கண்ணீர்க்கதை எழுதலாம். இருக்கும் தாயைப் பிரித்தது யார் என்று எழுதப் புகுந்தால் கூலி, கடன், நிலம், போர், முகவர் என்று போகவேண்டிவரும். ஆகவேதான் கதாசிரியர் அவளைக் கொன்றுவிடுகிறார் போலும்.

மூதூராருக்கு இது புதிதன்று. ஷாபி நகரிலிருந்து 2005இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பப்பட்டு, தன் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டவர் றிசானா நபீக். அப்போது கவிதைகள் பெருகின. கண்ணீர் பெருகிற்று. அவ்வாண்டிலேயே ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை அரசு தடுத்தது. ஏனைய பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. 2022இல் டொலர் நெருக்கடி வந்தபோது அவ்விதி தளர்ந்தது. தாய் ஊரிலிருந்து எவ்வாறு உழைத்துப் பிள்ளையை வளர்ப்பாள் என்னும் கேள்வி இரு சந்தர்ப்பங்களிலும் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளையை விட்டுச் சென்றவள் குற்றவாளி என்பது சட்டத்துக்கும் கதைக்கும் பொதுவான எண்ணம்.

சொல் பற்றியும் சிறிது கூறவேண்டும். அநாதை என்பது நாதனற்ற நிலையைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. நாதன் என்றால் தலைவன், காப்போன். அச்சொல்லை ஒரு பிள்ளைமேல் சூட்டும்போது, உனக்கு உரிமையாளர் இல்லை என்றே கூறுகிறோம். எமது முஸ்லிம் வழக்கிலுள்ள எத்தீம் என்னும் சொல்லோ வேறுபட்டது. பருவமடையுமுன் தந்தையை இழந்த பிள்ளையே எத்தீம். தாய் இருக்கலாம், பாட்டன் இருக்கலாம், முழுக் குடும்பமும் சூழ இருக்கலாம். பெருமானாரே பிறக்குமுன் தந்தையையும் ஆறாவது வயதில் தாயையும் இழந்து, பாட்டனாரிடமும் பின் பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தவர். எத்தீமைப் பற்றிய மார்க்கக் கட்டளைகளில் பெரும்பகுதி அப்பிள்ளையின் சொத்தைப் பாதுகாவலர் உண்ணாதிருப்பது பற்றியது. கண்ணீரை விடக் கணக்கு முக்கியம் என்று அவ்வழக்கு அறிந்திருந்தது. நடைமுறையில் நாம் அதனைப் பேணுகிறோமா என்பது வேறு விடயம். எம்மவரும் இப்போது எத்தீம் என்னும் சொல்லைச் சினிமா அநாதையின் பொருளிலேயே வழங்கத் தலைப்பட்டுள்ளனர்.

இனி, தமிழிலக்கியத்தில் வேறு வழியே இல்லையா என்பார்க்கு மணிமேகலையைச் சுட்டுவேன். பாடத்திட்டத்தில் இருப்பதனாலேயே நாம் சரியாக வாசியாத நூல்களுள் அதுவும் ஒன்று. வாரணாசிப் பார்ப்பனியான சாலி, கணவனுக்குத் துரோகம் செய்த குற்ற உணர்வுடன் குமரிக்கு நீராட வரும் வழியில் ஈன்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டுகிறது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து வேதம் ஓதுவிக்கிறான். சிறுவன் வளர்ந்து, வேள்விக்கென நிறுத்தப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான், பிடிபட்டு அடிபடுகிறான். ஆவின் மகன் என்று இகழ்கின்றனர். அதன்பின் சபையில் ஒருவன் எழுந்து, இவன் தாய் யாரென எனக்குத் தெரியும் என்று சாலியின் கதையை அவிழ்க்கிறான்.

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக. எமது படங்களில் இதுவே உச்சக்கட்டம். இசை பெருகும், தாய் ஓடிவருவாள். சாத்தனார் என்ன செய்கிறார்? பிறப்பின் இரகசியத்தை வசையாக, எதிரியின் வாயில் வைக்கிறார். ஆபுத்திரன் அதனைக் கேட்டு நகைக்கிறான். நீங்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள் என்று திருப்பிக் கேட்கிறான். தாயைத் தேடிச் செல்வதில்லை, அவளைத் தூற்றவுமில்லை. காப்பியம் இன்னொரு கசப்பையும் மறைக்கவில்லை: வளர்த்த தந்தையே அவனை வீட்டை விட்டு நீக்கிவிடுகிறான். அவன் மதுரைக்குச் சென்று, பிச்சை ஏற்று, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் யாவரையும் அழைத்து ஊட்டியபின் எஞ்சியதை உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். அமுதசுரபி பின்னரே கைக்கு வருகிறது. அவனை இன்னாரின் மகன் என்று நிறுவிப் பெருமைப்படுத்த வேண்டிய தேவை சாத்தனாருக்கு நேரவில்லை. பின்வரும் பிறவியில் அவன் அரசனாகிறான் என்பது உண்மையே. அங்கும் பசுவயிற்றிலேயே பிறக்கிறான். இத்தகைய பாத்திரத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் படைத்த மொழியில்தான் நாம் சமீன்தாரின் தொலைந்த மகனை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உறவினரைப் பற்றியும் எமது கதைகள் அவதூறு கூறுகின்றன. மாத நாவல்களில் பெற்றோரை இழந்த பெண் மாமி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போனால் அடுப்படியில் சாம்பல் பூசிக்கொண்டு இருப்பாள் என்பது எழுதப்படாத சட்டம். அத்தகைய வீடுகள் இல்லையென்று கூறேன். ஆனால் கிழக்கிலங்கையின் வழக்கு யாது? வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். மணமகன் பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ சகோதரிகள் குடியிருப்பர். தாயை இழந்த பிள்ளை வேலியைக் கடந்தால் பெரியும்மா வீடு, அடுத்த வேலியைக் கடந்தால் சாச்சி வீடு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக்குப் பின் இக்கரையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் பெரும்பாலோரை ஏற்றவை இவ்வாறான உறவினர் வீடுகளே. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் அப்பிள்ளைகளின் பாதுகாப்புக்கு முறை வகுத்தது. அதே வேளையில் நன்கொடைப் பணம் கட்டடங்களைத் தேடிற்று. சாச்சியின் அடுப்புக்குப் பெயர்ப்பலகை மாட்ட இயலாதல்லவா? 2006 ஓகஸ்டில் மூதூர் போர்க்களமாகி நாம் கந்தளாய்க்குப் பெயர்ந்தபோதும் (எனக்கு அப்போது மூன்று வயது, நினைவென்று நான் கூறுவதெல்லாம் உம்மா கூறியவை) எங்கள் வீட்டார் தூக்கிச் சென்ற பிள்ளைகளில் இருவர் எங்கள் வீட்டவர் அல்லர். அவர்களைப் பற்றி எவரும் படமெடுக்கவில்லை. எடுத்தால் அதில் என் உம்மா சூடு வைப்பவளாக வருவாள் என அஞ்சுகிறேன்.

ஆழிப்பேரலை தந்த மிகப் பிரபலமான கதை கல்முனையில் பிறந்தது. வைத்தியசாலையில் 81ஆவதாக அனுமதிக்கப்பட்டமையால் 81ஆம் இலக்கக் குழந்தை எனப் பெயர் பெற்ற, சில மாதங்களே ஆன சிசு அது. ஒன்பது தாய்மார் அக்குழந்தைக்காகப் போட்டியிடுகின்றனர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. என்ன அழகான கதை! நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதி என்பது பின்னரே தெரிந்தது. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது. தாயும் தந்தையும் உயிருடன், சில கட்டை தூரத்தில், ஆவணங்களை அலையில் பறிகொடுத்து நின்றனர். உலகமோ ஒன்பது பேரைக் கற்பனை செய்து மகிழ்ந்தது. அப்பிள்ளை வளர்ந்தபின்னும் அந்த இலக்கத்திலிருந்து விடுபட விரும்பியதாகச் செய்திகள் வந்தன.

கதை ஆவணமாக மாறியதும் இந்நாட்டில் நிகழ்ந்திருக்கிறது. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். வளர்ந்தபின் தாயைத் தேடி வந்தோருட் சிலர், பத்திரத்தில் தாயெனக் கையொப்பமிட்டவள் பணம் பெற்று நடித்தவள் என அறிந்தனர். நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. கைவிடப்பட்ட குழந்தை, அன்புள்ள அந்நியர், கப்பலேறும் விடிவு என்னும் இனிய கதையை எவரும் ஐயுறாத காரணத்தாலேயே அவ்வணிகம் அத்தனை இலகுவாக நடந்தது என்பது என் கருத்து.

எமது போரைக் கருவாகக் கொண்ட 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இவ்வகையில் ஓரளவு நேர்மையான படம். அமுதாவின் தாய் உயிருடன் இருக்கிறாள். இராமேசுவரத்து அகதி முகாமில் பெற்றவள். தேடிவந்த மகளுடன் செல்ல மறுக்கிறாள். குருதி கூப்பிட்டதும் எல்லாம் நேராகிவிடவில்லை. வளர்த்த தாயே தாயாக நிற்கிறாள். ஆயினும் முகாமிலிருந்து எவரும் தத்தெடுக்காத மற்றைய பிள்ளைகள் அப்படத்திலும் கூட்டத்தில் கரைந்துபோகின்றனர்.

இரக்கத்தின் பக்கம் நின்று வாதாடும் நண்பருக்கு மீண்டும் வருகிறேன். இரக்கம் ஒரு பகற் சாப்பாட்டைக் கொடுத்தது, மறுக்கவில்லை. ஒரு கட்டடத்துக்கு ஓடு போட்டது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் தாய் இறந்துவிட்டாள் என்று நம்பும் இரக்கம், இருக்கும் தாய்க்கு மாதமொருமுறை வந்து பார்ப்பதற்குப் பஸ் கட்டணம் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? அது பிள்ளையின் தலையைத் தடவும். அப்பிள்ளை பதினெட்டு வயதில் ஒரு பையுடன் இல்லத்து வாசலைத் தாண்டும்போது அது அங்கு இராது, ஏனெனில் கதை அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. எங்கள் ஊரவரான வ. அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி'யில் சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவச் சிறுவன் அநாதையல்லன். ஆயினும் வறுமையை எழுதும் முறைக்கு அதனையே நான் காட்டுவேன். அதில் எந்தச் செல்வந்தத் தந்தையும் இறுதியில் தோணியோடு கரைசேர்வதில்லை. வாசகனுக்கு நிம்மதி தரவேண்டிய கடமை தமக்கில்லை என அவர் கண்டிருந்தார்.

என் தோழியின் உம்மா பதினொரு ஆண்டுகளின் பின் ஊர் திரும்பினார். இப்போது இருவரும் மூதூரில் ஒரே வீட்டில் இருக்கின்றனர். பேச்சுக் குறைவு. உம்மா கறியில் உறைப்பைக் கூட்டிவிடுகிறார். இல்லத்துச் சாப்பாட்டில் பழகிய மகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் சொல்வதுமில்லை. தன்னை எத்தனை முறை மௌத்தாக்கினாள் என்பது உம்மாவுக்குத் தெரியாது. சென்ற விடுமுறையில் நான் போனபோது உம்மா அவளுக்குத் தலை பின்னிவிட முயன்றுகொண்டிருந்தார். இருபது வயது கடந்தவளின் தலைமயிரைப் பத்து வயதுக்காரிக்குப் பின்னுவதுபோலப் பிடித்திருந்தார். அவள் அசையாமல் இருந்தாள். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு இதனை எவரேனும் எழுதுவாராயின், நானே முதலாம் இலக்கமிட்டு அனுப்பிவைப்பேன்.